துவண்ட உடலும் துவளாத உள்ளமும்

விளையாட்டு வீரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நமக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. அவர்கள் அச்சம் அறியாதவர்கள், இரும்பு நெஞ்சினர், தோல்வியின் நிழல்கூட அவர்கள் மனத்தில் விழுந்ததில்லை என்று எண்ணிவிடுகிறோம். எண்ணியவுடன், நமக்கும் அவர்களுக்கும் வெகுதூரம் என்று புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறோம். தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போதே நடுங்குகின்ற நமக்கு, நடுக்கமே அறியாத அவர்களால் ஆகப்போவது என்ன?

இந்த மயக்கத்தைத் தீர்க்கவல்ல வாழ்க்கை ஒன்று உண்டு. அது பிரெஞ்சு நாட்டு டென்னிஸ் வீராங்கனை சுசேன் லெங்லென் என்பாருடைய வாழ்க்கை. அவர் குழந்தைப் பருவம் முதலே நோயோடு போராடியவர். எளிதில் பதறுபவர். ஆட்டம் முடிந்ததும் குழந்தைபோல் தேம்பி அழுதவர். அவரா உலகை வென்றார் என்று ஐயம் தோன்றலாம். ஆம், அவரேதான் வென்றார். 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 1925-இல் மீண்டும் ஒரு முறையும் விம்பிள்டன் பட்டத்தைச் சூடினார். 1919-க்கும் 1926-க்கும் இடையே ஒற்றையர் ஆட்டத்தில் அவர் தோற்றது ஒரே ஒரு முறை.

இது எவ்வாறு நிகழ்ந்தது? விடை தேடிச் சென்றால், 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மாலைப் பொழுது ஒன்றில் போய் நிற்போம். அன்று அவருக்கு வயது இருபது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் நம்முடைய வயது!

கைக்குட்டையும் கண்டிப்பும்

சுசேன் 1899-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தாள். தந்தை சார்லஸ் லெங்லென். குதிரைகள் இழுக்கும் பயணவண்டி நிறுவனம் ஒன்று அவருக்குப் பரம்பரைச் சொத்தாக இருந்தது. வறுமை அறியாத வீடுதான். ஆனால் குழந்தைக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. மூச்சுத்திணறல் அடிக்கடி வந்து வாட்டியது. ஓடியாடினால் உடல் தேறும் என்று எண்ணிய தந்தை, 1910-ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுமியின் கையில் டென்னிஸ் மட்டை ஒன்றைக் கொடுத்தார். மருந்தாக வந்த மட்டை, பிறகு வாழ்க்கையாகவே ஆகிவிட்டது.

மகளுக்குத் திறமை இருப்பதைத் தந்தை விரைவிலேயே கண்டுகொண்டார். குளிர்காலங்களில் அந்தக் குடும்பம் பிரான்சின் தென்கடற்கரை நகரமாகிய நீஸில் தங்குவது வழக்கம். அங்கேயிருந்த டென்னிஸ் கழகத்தில் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வந்து ஆடினர். அவர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படி அடிக்கிறார்கள் என்பதைத் தந்தை கூர்ந்து நோக்குவார். நோக்கியதை மகளுக்குப் பயிற்றுவார். பெண்கள் மென்மையாகத்தான் ஆடவேண்டும் என்பது அக்கால வழக்கம். அதை அவர் ஏற்கவில்லை. ஆண்களைப் பார்த்து ஆடக் கற்றுக்கொடுத்தார். ஆண்களோடு ஆடவும் விட்டார்.

அவர் தந்த பயிற்சிகளில் ஒன்று புகழ்பெற்றது. ஆடுகளத்தின் ஒரு மூலையில் கைக்குட்டை ஒன்றை விரித்துவைப்பார். வலைக்கு அப்பால் நிற்கும் மகள், பந்தைச் சரியாக அந்தக் கைக்குட்டையின்மீது விழுமாறு அடிக்கவேண்டும். பட்டால் கைக்குட்டை வேறு மூலைக்கு மாறும். படாவிட்டால் மீண்டும், மீண்டும், மீண்டும்! விழுவதற்குரிய இடம் எது என்று பந்துக்கே தெரியும் என்று சொல்லுமளவுக்கு அவள் கை பழகிற்று.

தந்தை அன்பானவர்தான், ஆனால் அந்த அன்பு மிகக் கண்டிப்பான உருவத்தில் வந்தது. சரியாக ஆடாவிட்டால் பலர் முன்னிலையிலும் கடிந்துகொள்வார். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் பார்வையாளர் வரிசையில் அவர் முகம் இருக்கும். பந்தை எதிர்கொள்வதோடு அந்த முகத்தையும் எதிர்கொள்ளவேண்டிய நிலை மகளுக்கு. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றவர்களுக்கு இது எத்தகைய சுமை என்று விளக்கவேண்டியதில்லை. நம்மை நம்பி ஒருவர் எல்லாவற்றையும் செய்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பேறு, அதுவே பெரும்பாரமும்கூட.

1914-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுப் பட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சுசேன் முன்னேறினாள். அங்கே மார்கரீத் பிரோகெடிஸ் என்ற வீராங்கனையிடம் முதல் செட்டை வென்று, அடுத்த இரண்டையும் இழந்து தோற்றாள். வயது இன்னும் பதினைந்து ஆகவில்லை. ஆனால் அவ்வாண்டே, பதினைந்து நிறைந்த சில நாள்களில், பாரிஸை அடுத்த செயின்ட் கிளவுடில் நடந்த உலகக் களிமண் தரைப் பட்டப் போட்டியில் வென்று அனைவரையும் வியக்கவைத்தாள்.

அடுத்தது விம்பிள்டன்தான் என்று இருந்த வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. ஆடுகளங்கள் வெறிச்சோடின. பதினைந்து முதல் பத்தொன்பது வரை, ஒரு வீராங்கனை வளர்ந்து மலரவேண்டிய ஆண்டுகளெல்லாம் பெரும்போட்டி எதுவும் இன்றிக் கழிந்தன. ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத நாள்களிலும் நீஸ் நகரில் கைக்குட்டை மூலைக்கு மூலை மாறிக்கொண்டுதான் இருந்தது.

இருபதும் நாற்பதும்

போர் ஓய்ந்தபின் 1919-இல் விம்பிள்டன் மீண்டும் தொடங்கியது. சுசேன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றாள். அவள் பழகியது மண்தரை, விம்பிள்டனோ புல்தரை. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கி விரைந்து வரும். அதுவரை புல்தரைப் போட்டி எதிலும் ஆடியிராத அவள், முன்னாள் வாகையர் எத்தல் லார்கோம்ப், வலுமிக்க எலிசபெத் ரயன் முதலியோரை ஒருவர்பின் ஒருவராக வென்றாள்.

அக்காலத்தில் விம்பிள்டனில் ஒரு முறை இருந்தது. முந்தைய பட்டத்தை வைத்திருப்பவர் தொடக்கச் சுற்றுகளில் ஆடவேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாம் தமக்குள் ஆடி, மிஞ்சுகின்ற ஒருவர் அவரோடு மோதவேண்டும். அவ்வாறு காத்திருந்தவர் இங்கிலாந்தின் டொரதியா லாம்பெர்ட் சேம்பர்ஸ். வயது நாற்பது. இரு குழந்தைகளின் தாய். ஏழு முறை விம்பிள்டனை வென்றவர். 1911-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்காமல் 6–0, 6–0 என்று வென்றவர். போருக்கு முன் நடந்த கடைசி விம்பிள்டனிலும் அவரே வாகையர்.

ஆடுகளத்தைச் சுற்றி ஏறத்தாழ 8000 பேர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் வந்திருந்தனர். சேம்பர்ஸ் அம்மையார் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையுமாக வந்தார். சுசேன் அரைக்கைச் சட்டையும் கெண்டைக்கால் அளவே நீண்ட மெல்லிய உடையுமாக வந்தாள். பார்த்தவர்கள் முகம் சுளித்தனர். போருக்கு முந்திய உலகமும் போருக்குப் பிந்திய உலகமும் வலையின் இரு பக்கமும் நின்றன.

டென்னிஸ் அறியாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கேமில் முதல் புள்ளிக்கு 15, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 40 என்று எண்ணுவார்கள். நான்காவது புள்ளியில் கேம் கிட்டும். இருவரும் 40-இல் சமமாக நின்றால், அதன்பின் ஒருவர் தொடர்ந்து இரு புள்ளிகள் பெற்றாகவேண்டும். ஆறு கேம்களை வென்றவருக்கு ஒரு செட். ஆனால் எதிராளியைவிட இரண்டு கேம்களாவது கூடுதலாக வென்றிருக்கவேண்டும். மூன்று செட்டுகளில் இரண்டை வென்றவருக்கே வெற்றி. சமநிலையை விரைவில் முடித்துவைக்கும் இன்றைய ‘டை-பிரேக்’ முறை அன்று இல்லை. ஆகவே ஒரு செட் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளலாம்.

அன்று நீண்டது. முதல் செட்டிலேயே இருவரும் ஒருவரை ஒருவர் விடாமல் தொடர்ந்தனர். 6–5 என்ற நிலையில் அம்மையார் செட்டை முடிக்கும் வாய்ப்பைப் பெற்றார். சுசேன் அதைத் தடுத்தாள். முடிவில் 10–8 என்று செட் சுசேனுக்கு வந்தது. பதினெட்டு கேம்கள்! சாதாரணமாக இரண்டு செட்டுகளுக்குப் போதுமான உழைப்பு முதல் செட்டிலேயே கரைந்துவிட்டது.

இரண்டாவது செட்டில் சுசேனின் உடல் அவளைக் கைவிடத் தொடங்கியது. முகம் வெளிறியது, கால்கள் தளர்ந்தன. அம்மையார் 4–1 என்று முன்னேறினார். பார்வையாளர் வரிசையிலிருந்த தந்தை, அந்நாட்டவர் சோர்வு நீங்கக் கொள்ளும் வழக்கப்படி, பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டிகளை மகளுக்கு எறிந்தார். சுசேன் சற்றே தேறி 4–4 என்று சமன் செய்தாள். ஆனால் அடுத்த இரண்டு கேம்களும் அம்மையாருக்கே சென்றன. 6–4. ஆளுக்கு ஒரு செட்.

மூன்றாவது செட் தொடங்கியது. இப்போது சுசேன் 4–1 என்று முன்னேறினாள். ஆட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். ஆனால் ஏழு முறை வாகை சூடியவர் அவ்வளவு எளிதில் இடம்கொடுப்பாரா? நாற்பது வயதின் களைப்பை எங்கோ ஒதுக்கிவைத்துவிட்டு அம்மையார் கேம் கேமாக மீட்டார். 4–4 ஆயிற்று. 5–5 ஆயிற்று. பிறகு 6–5 என்று அம்மையார் முந்தினார். அடுத்த கேமில் 40–15.

இந்த எண்களை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 6–5, 40–15. அம்மையாருக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும்; ஆட்டமும் பட்டமும் அவருடையவை. அந்த ஒன்றைப் பெற அவருக்கு இரண்டு வாய்ப்புகள். சுசேனுக்கோ அந்தக் கேமில் சமநிலைக்கு வரவே இரண்டு புள்ளிகளும் தவறாமல் வேண்டும். அவளோ களைத்துப்போனவள். கையிலிருந்த 4–1 முன்னிலையைக் கோட்டைவிட்டவள். வேற்று நாட்டில், வேற்று மக்கள் நடுவே, வேற்றுத் தரையில் நிற்பவள். தந்தையின் கண்கள் அவள்மீது நிலைத்திருக்கின்றன.

பந்து வந்தது. வலையருகே நின்றிருந்த சுசேன் எட்டிக் கையை நீட்டினாள். மட்டையின் நரம்புகளில் படவேண்டிய பந்து மரச்சட்டத்தில் பட்டது. தவறிய அடிதான். ஆனாலும் அது எப்படியோ வலையைத் தாண்டி அம்மையாரின் பக்கத்தில் மெல்ல விழுந்தது. ஒரு வாய்ப்பு போயிற்று. அடுத்த பந்தில் இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. கேம் சுசேனுக்குக் கிட்டியது. 6–6!

அதன்பின் நடந்த நான்கு கேம்களில் மூன்றைச் சுசேன் வென்றாள். 10–8, 4–6, 9–7. மொத்தம் 44 கேம்கள். விம்பிள்டன் மகளிர் இறுதி ஆட்டங்களில் அவ்வளவு கேம்கள் கொண்ட ஆட்டம் அதற்கு முன் நடந்ததில்லை. 1970-இல் மார்கரெட் கோர்ட்டும் பில்லி ஜீன் கிங்கும் 46 கேம்கள் ஆடும்வரை அது நிலைத்து நின்றது.

மரச்சட்டத்தில் பட்ட பந்து நல்வாய்ப்புத்தானே, அதில் மன உறுதிக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பந்து வலையைத் தாண்டியது நல்வாய்ப்பே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கை நீண்டதே, அது நல்வாய்ப்பா? இனி என்ன பயன் என்று சுசேன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், பந்து படுவதற்குச் சட்டமும் அங்கே இருந்திராது. எட்டாத பந்துக்கும் கையை நீட்டியவரிடம்தான் நல்வாய்ப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வந்த பந்துக்கும், அதற்கடுத்த பந்துக்கும் நல்வாய்ப்பு துணைக்கு வரவில்லை. அவற்றை அவளே ஆடி வென்றாள்.

விம்பிள்டன் வாகையர் ஆகிவிட்டவரை இனியும் ‘அவள்’ என்று எழுத என் பேனா கூசுகிறது. இனி ‘அவர்’ என்றே எழுதுவேன்.

ஒரே ஒரு தோல்வி

1920-ஆம் ஆண்டு சேம்பர்ஸ் அம்மையாரே மீண்டும் எதிரே வந்தார். இம்முறை சுசேன் 6–3, 6–0 என்று எளிதில் வென்றார். அவ்வாண்டு ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஒற்றையர் தங்கமும் கலப்பு இரட்டையர் தங்கமும் பெற்றார். ஒற்றையரில் பத்து செட்டுகள் ஆடி அவர் இழந்தவை நான்கே கேம்கள்!

ஆனால் வெற்றிகளை மட்டும் அடுக்கிச் செல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1921-இல் போரால் பாழான பிரெஞ்சுப் பகுதிகளின் சீரமைப்புக்கு நிதி திரட்டும் நோக்கத்தோடு அவர் அமெரிக்கா சென்றார். கப்பல் பயணம், நோய், இருமல் எல்லாம் சேர்ந்து வாட்டின. போதிய ஓய்வின்றியே அமெரிக்கப் பட்டப் போட்டியில் இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே எதிரே நின்றவர் மோலா மல்லோரி. பலமுறை அமெரிக்கப் பட்டத்தை வென்ற வீராங்கனை அவர். சுசேன் முதல் செட்டை 2–6 என்று இழந்தார். இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் இருமியவாறே, அழுதவாறே, மேலும் ஆட இயலாது என்று நடுவரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். கூடியிருந்தவர்கள் ஏளன ஒலி எழுப்பினர். தோற்கப்போவது தெரிந்ததும் நோயைச் சாக்காகச் சொல்லி ஓடினார் என்று பலர் எழுதினர்.

உடல் உண்மையிலேயே முடியாமற் போயிற்றா, உள்ளம்தான் முறிந்ததா? அவர் ஒருவரே அறிவார். விம்பிள்டனில் இரு வாய்ப்புகளைத் தடுத்து நின்ற அதே பெண்தான் நியூயார்க்கில் பாதியில் திரும்பினார். மன உறுதி என்பது ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுதும் கையில் இருக்கும் சொத்து அன்று. நேற்று இருந்தது என்பதற்காக இன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஈட்டவேண்டிய கூலி அது.

அந்தக் கூலியை அவர் மீண்டும் ஈட்டினார். 1922-இல் விம்பிள்டன் பழைய இடத்தைவிட்டுப் பெரிய புதிய இடத்துக்கு மாறியது. கூட்டம் பெருகியதே காரணம்; கூட்டம் பெருகியதற்குச் சுசேனும் ஒரு முதன்மைக் காரணம். பட்டம் வைத்திருப்பவர் காத்திருக்கும் பழைய முறையும் அவ்வாண்டு ஒழிந்தது. எல்லோரும் முதல் சுற்றிலிருந்தே ஆடவேண்டும். இறுதி ஆட்டத்தில் சுசேனை எதிர்கொண்டவர் யார் தெரியுமா? அதே மோலா மல்லோரி! 6–2, 6–0. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஏளன ஒலிக்கு அவர் தந்த விடை அதுவே.

1924-இல் மஞ்சள்காமாலை அவரைத் தாக்கியது. அந்நிலையிலும் விம்பிள்டன் காலிறுதியில் எலிசபெத் ரயனை மூன்று செட்டுகள் போராடி வென்றார். அதற்குமேல் உடல் இடம்கொடுக்காமல் விலகினார். மறு ஆண்டு திரும்பிவந்து, போட்டி முழுவதிலும் ஐந்தே கேம்களை இழந்து பட்டத்தை மீட்டார்.

மீண்டும் 6–5, மீண்டும் 40–15

1926-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள். பிரான்சின் தென்கடற்கரையில் கேன் நகரம். எதிரே நின்றவர் அமெரிக்காவின் ஹெலன் வில்ஸ். 1924 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அவருக்கு வயது இருபது, சுசேனுக்கு இருபத்தாறு. ஒருகாலத்தில் சுசேன் நின்ற இடத்தில் இப்போது ஹெலன் நின்றார். ஆடுகளத்தில் இடம் கிடைக்காதவர்கள் அக்கம்பக்கத்துக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறிப் பார்த்தனர்.

முதல் செட் 6–3 என்று சுசேனுக்கு வந்தது. இரண்டாவது செட்டில் ஹெலன் முன்னிலை பெற்றார். சுசேன் மூச்சு வாங்கியபடி, இடையிடையே பிராந்தியைப் பருகியபடி, துரத்திப் பிடித்தார். பிறகு 6–5 என்று முந்தினார். அடுத்த கேமில் 40–15.

அதே எண்கள்! ஏழு ஆண்டுகளுக்குமுன் சேம்பர்ஸ் அம்மையார் நின்ற இடம் இது. இப்போது இரண்டு வாய்ப்புகள் சுசேனின் கையில்.

ஹெலன் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. வெளியே என்று ஒரு குரல் எழுந்தது. ஆட்டம் முடிந்தது என்று இருவரும் வலையருகே வந்து கைகுலுக்கினர். மலர்க்கொத்துகளோடும் புகைப்படக் கருவிகளோடும் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அப்போது கோட்டைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்த சார்லஸ் ஹோப் பிரபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவரிடம் வந்தார். குரல் கொடுத்தவர் தாம் அல்லர், பார்வையாளர் ஒருவர் என்றும், பந்து உள்ளேதான் விழுந்தது என்றும் தெரிவித்தார்.

ஆட்டம் முடியவில்லை! கூட்டம் வெளியேற்றப்பட்டது. சுசேன் மீண்டும் மட்டையை எடுத்தார்.

இதைவிடக் கொடிய சோதனை வேறு உண்டோ? தோற்றுக்கொண்டிருக்கையில் போராடுவது கடினம். வென்றுவிட்டோம் என்று மூச்சுவிட்டு, கைகுலுக்கி, உடலும் உள்ளமும் தளர்ந்தபின், வெல்லவில்லை, திரும்பி வா என்று அழைக்கப்படுவது அதனினும் கடினம். இரண்டாவது வாய்ப்பும் கைநழுவியது. அந்தக் கேமே ஹெலனுக்குப் போயிற்று. 6–6. விம்பிள்டனில் அம்மையாருக்கு நேர்ந்தது அப்படியே சுசேனுக்கு நேர்ந்தது. இந்த இடத்திலிருந்துதான் அம்மையாரின் ஆட்டம் சரிந்தது.

சுசேன் சரியவில்லை. அடுத்த இரண்டு கேம்களையும் வென்றார். 8–6. மீண்டும் ஒருமுறை கைகுலுக்கினார். அதன்பின் இருக்கையில் சாய்ந்து, மலர்க்குவியலின் நடுவே தேம்பித் தேம்பி அழுதார்.

இந்த அழுகையைப் பலர் அவருடைய பலவீனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அழுகை ஆட்டம் நடக்கும்போதே அவருள் இருந்தது. 6–6 என்ற நிலையில் தொண்டைவரை வந்திருக்கும். இன்னும் இரண்டு கேம்கள் பொறு என்று அதை அவர் நிறுத்திவைத்தார். வேலை முடிந்தது, விடுத்தார். அவ்வளவுதான். கல்லுக்கு அழுகை வராது. ஆகவே கல் அழாமல் இருப்பதில் பெருமையும் இல்லை.

பிற்காலமும் முடிவும்

அவ்வாண்டு விம்பிள்டனில் ஆட்டநேரம் பற்றிய குழப்பம் ஒன்றால், அரசி மேரி வந்து காத்திருக்கும்படி ஆயிற்று. சுசேன் வேண்டுமென்றே அரசியை அவமதித்தார் என்று மக்கள் சினந்தனர். மனம் நொந்த அவர் போட்டியிலிருந்து விலகினார். விம்பிள்டனில் பின்னர் ஆடவே இல்லை.

அதன்பின் அவர் எடுத்த முடிவு ஆட்டக்களத்து வெற்றிகளுக்குக் குறைந்ததன்று. அக்காலத்தில் டென்னிஸ் ஆடிப் பணம் பெறுவது இழுக்கு. கட்டணம் வாங்கி ஆயிரக்கணக்கானோரை உள்ளே விடும் கழகங்கள் பொருள் ஈட்டலாம். வியர்வை சிந்தி ஆடுபவர் மட்டும் ஈட்டக்கூடாது! வசதியுள்ளவர்க்கே விளையாட்டு என்பதுதான் இதன் பொருள். சுசேன் இந்த நியாயத்தைக் கேள்வி கேட்டார். 1926-இல் 50,000 டாலர் ஊதியத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழில்முறை ஆட்டக்காரராகி அமெரிக்கா முழுவதும் ஆடினார். மேரி பிரவுன் என்ற வீராங்கனையோடு ஆடிய 38 ஆட்டங்களிலும் வென்றார். பழைய உலகம் அவரைப் புறக்கணித்தது. பெரும்போட்டிகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. அந்தக் கதவுகள் தொழில்முறை ஆட்டக்காரர்க்குத் திறக்க 1968 வரை ஆயிற்று. இன்று கோடிகளை ஈட்டும் வீராங்கனைகள் நடக்கும் பாதையில் முதல் அடி வைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

1929-இல் தந்தை மறைந்தார். சுசேன் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நடத்தி இளையோருக்குப் பயிற்சி அளித்தார். 1938-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், கேன் நகரில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ் எட்டாவது முறையாக விம்பிள்டன் பட்டத்தை வென்றார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4-ஆம் நாள், குருதிச்சோகை நோயால் சுசேன் லெங்லென் பாரிஸில் காலமானார். வயது முப்பத்தொன்பது. பாரிஸை அடுத்த செயின்ட் ஊவான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பிரெஞ்சுப் பட்டப் போட்டி நடக்கும் ரோலான் காரோஸ் அரங்கில் 1997 முதல் ஓர் ஆடுகளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே மகளிர் ஒற்றையரை வெல்பவர் கையில் ஏந்தும் கோப்பையும் அவர் பெயரால் அமைந்ததே.

நண்பர்களே! இடுக்கண் வந்தபோது மனம் தளராமை பற்றி வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். ஆனால் இடுக்கண் உண்மையில் வந்து நிற்கும்போது, எனக்கு நடுங்குகிறது, ஆகவே எனக்கு உறுதி இல்லை என்று நாமே நமக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சுசேனின் வாழ்க்கை அந்தத் தீர்ப்பைத் திருத்துகிறது. நடுக்கம் வரலாம், கண்ணீர் வரலாம், ஒருநாள் பாதியில் திரும்பவும் நேரலாம். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அடுத்த பந்து வரும்போது கை நீண்டதா?

ஒரு தாளில் தவறியவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டு நிலையால் படிப்பைத் தொடரலாமா, விடலாமா என்று ஊசலாடுவோரும் உண்டு. அவர்களுடைய கணக்கு இன்று 5–6, 15–40 என்று இருக்கலாம். அந்தக் கணக்கிலிருந்து ஓர் இருபது வயதுப் பெண் ஆட்டத்தை மீட்டிருக்கிறார். அப்போது அவர் செய்தது பெரிய காரியம் எதுவும் அன்று. எட்டாது என்று தோன்றிய ஒரு பந்துக்குக் கையை நீட்டினார்.